ஒரே ஏற்பி, எதிரெதிர் மருந்துகள்

நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லி வரும் ஒருவருக்கு மாத்திரை எழுதும் முன், மருத்துவர் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: “உங்களுக்கு ஆஸ்துமா உண்டா? சிறு வயதில் மூச்சிரைப்பு இருந்ததா?” இதயத்தைக் காட்ட வந்தவரிடம் நுரையீரலைப் பற்றி ஏன் வினவ வேண்டும் என்று உடன் வந்தவர்கள் வியப்பதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். எப்போதோ வந்து போன மூச்சுத் திணறலை இப்போது எதற்குச் சொல்ல வேண்டும் என்று எண்ணி, “இல்லை” என்ற ஒரே சொல்லில் முடித்துக்கொள்வோரும் உண்டு.

அந்த ஒரு சொல் ஓர் உயிரையே ஆபத்துக்கு உள்ளாக்கக்கூடும். இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரைகளுள் சில, ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழல்களைச் சுருங்கச் செய்துவிடும். அந்நேரத்தில் அவருக்குக் கைகொடுக்க வேண்டிய இன்ஹேலரின் ஆற்றலையும் அவை மழுங்கச் செய்துவிடும். இஃது எவ்வாறு அறியப்பட்டது? கினிப்பன்றியின் மூச்சுக்குழாயிலும் தவளையின் இரத்த அணுக்களிலும் மின்மினிப் பூச்சியின் ஒளியிலும் விஞ்ஞானிகள் நூறாண்டுக்கு மேலாகத் தேடிக் கண்ட விடை அது. அவ்விடையை எளிய முறையில் எடுத்துரைக்க விழைகிறோம்.

வாயிலில் நிற்கும் புரதம்

நம் உடலின் செல் ஒவ்வொன்றையும் மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்துள்ளது. இரத்தத்தில் வந்து சேரும் பல ஹார்மோன்களும் மருந்துகளும் இச்சவ்வைக் கடந்து உள்ளே சென்று வேலை செய்வதில்லை. சவ்வில் பதிந்துள்ள சில புரதங்கள் அவற்றை வாயிலிலேயே எதிர்கொண்டு, செய்தியை மட்டும் உள்ளே அனுப்புகின்றன. இப்புரதங்களையே ஏற்பிகள் என்கிறோம்.

தெருநாய் துரத்தும்போது நம் உடலில் அட்ரினலின் என்னும் ஹார்மோன் பெருகுகிறது. இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சுக்குழல்கள் விரிகின்றன. ஹார்மோன் ஒன்றே, ஆயினும் ஓரிடத்தில் தசை விரைந்து சுருங்குகிறது, மற்றோரிடத்தில் தசை தளர்கிறது. வேறுபாடு ஹார்மோனில் இல்லை. அதை வரவேற்கும் ஏற்பியிலும், அந்த ஏற்பி தாங்கி நிற்கும் செல்லிலும் இருக்கிறது.

இத்தகைய ஒரு பொருள் இருந்தாக வேண்டும் என்று முதலில் வாதிட்டவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஜான் நியூபோர்ட் லாங்லி. கோழியின் தசையில் நிகோட்டினை இட்டால் தசை சுருங்குவதை அவர் கண்டார். தசைக்குச் செல்லும் நரம்பு அறுபட்டு அழிந்த பின்னரும் அது சுருங்கியது. எனவே நிகோட்டின் நரம்பின் வழியாக வேலை செய்யவில்லை. குராரே என்னும் நஞ்சை இட்டதும் அந்தச் சுருக்கம் அடங்கியது. எனினும், குராரே இட்ட தசையை மின்சாரத்தால் நேரடியாகத் தூண்டினால் அது வழக்கம்போல் சுருங்கியது. எனவே தசையின் சுருங்கும் திறனும் கெடவில்லை. நரம்பும் அன்று, சுருங்கும் தசைப்பொருளும் அன்று. இரண்டுக்கும் இடையே செய்தியை ஏற்கும் வேறொரு பொருள் உள்ளது என்று 1905-இல் அவர் முடிவுக்கு வந்தார். அப்பொருளை எவரும் கண்ணால் கண்டதில்லை. அதன் விளைவை மட்டுமே அளக்க முடிந்தது.

உப்பு நீரில் உயிரோடிருக்கும் தசை

விளைவை அளப்பதற்கு ஆய்வாளர்கள் கைக்கொண்ட கருவி மிக எளிமையானது. விலங்கின் உறுப்பிலிருந்து எடுத்த ஒரு சிறு தசைத் துண்டை, இரத்தத்தில் உள்ள உப்புகளை ஒத்த கரைசல் நிறைந்த கண்ணாடிக் கலனில் தொங்கவிடுவார்கள். கலன் 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைக்கப்படும். ஆக்சிஜன் குமிழிகள் இடைவிடாமல் செலுத்தப்படும். இவ்வாறு பேணினால் உடலை விட்டு நீங்கிய தசை பல மணி நேரம் உயிரோடிருக்கும். தசையின் ஒருமுனை கலனின் அடியிலும், மறுமுனை ஒரு நூலால் நெம்புகோலிலும் கட்டப்பட்டிருக்கும். தசை சுருங்கினால் நெம்புகோல் அசையும்; அந்த அசைவு புகை பூசிய சுழலும் உருளையின் மேல் கோடாகப் பதியும். இன்று நெம்புகோலின் இடத்தில் மின்னணு உணரியும், உருளையின் இடத்தில் கணினித் திரையும் உள்ளன. முறை மாறவில்லை.

மூச்சுக்குழலை ஆராய 1940-களில் ஓர் உத்தி கையாளப்பட்டது. கினிப்பன்றியின் மூச்சுக்குழாயை வளையம் வளையமாக வெட்டி, அவ்வளையங்களைச் சங்கிலிபோல் ஒன்றோடொன்று கட்டித் தொங்கவிட்டார்கள். ஒரு வளையத்தின் அசைவு மிகச் சிறியது. பல வளையங்கள் சேர்ந்தால் அசைவு பெருகி அளக்கத்தக்கதாகிறது.

கலனில் மருந்தை ஒரே அளவாக இடுவதில்லை. மிகச் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். ஒவ்வொரு படியிலும் தசை எவ்வளவு அசைந்தது என்று குறித்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். அக்கோடு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. எவ்வளவு குறைந்த அளவில் மருந்து வேலை செய்யத் தொடங்குகிறது என்பது ஒன்று. எவ்வளவு கூட்டினாலும் அதனால் எட்ட முடிந்த உச்சம் எது என்பது மற்றொன்று. ஒரு மாத்திரை 5 மில்லிகிராமிலும் மற்றொன்று 50 மில்லிகிராமிலும் வருவதைக் கண்டு, முன்னது வலிமை குறைந்தது என்று நோயாளிகள் கருதுவதுண்டு. அது சரியன்று. குறைந்த அளவிலேயே வேலை செய்யும் மருந்து குறைந்த எடையில் தரப்படுகிறது, அவ்வளவே.

ஆல்ஃபாவும் பீட்டாவும்

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பணிபுரிந்த ரேமண்ட் ஆல்க்விஸ்ட், அட்ரினலினையும் அதை ஒத்த சில வேதிப்பொருள்களையும் பல உறுப்புகளில் இட்டு, எது வலியது, எது மெலியது என்று வரிசைப்படுத்தினார். எல்லா உறுப்புகளிலும் ஒரே வரிசை கிடைக்கும் என்றே எவரும் எதிர்பார்த்திருப்பர். கிடைத்தவையோ இரண்டு வரிசைகள். இரத்தக்குழாய்களைச் சுருக்குவதில் முன்னின்ற பொருள்கள் வேறு; இதயத்தை விரைவுபடுத்துவதில் முன்னின்றவை வேறு. வரிசை இரண்டானால் ஏற்பியும் இரண்டு வகையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அவற்றை ஆல்ஃபா, பீட்டா என்று பெயரிட்டு 1948-இல் வெளியிட்டார். முதலில் ஓர் ஆய்விதழ் அக்கட்டுரையை ஏற்க மறுத்தது. வெளிவந்த பின்னரும் சில ஆண்டுகள் அது பெரிதும் கவனிக்கப்படவில்லை.

அதன் பயனை உணர்ந்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக். இதயத்துக்கு இரத்தம் போதாமல் நெஞ்சுவலி வரும்போது, இரத்தத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக இதயத்தின் வேலையைக் குறைத்தால் என்ன என்று அவர் எண்ணினார். பீட்டா ஏற்பியில் அட்ரினலின் அமராமல் தடுத்துவிட்டால் இதயம் நிதானமாகத் துடிக்கும் அல்லவா? அவர் குழுவினர் கண்ட முதல் மருந்து, எலிகளில் கட்டிகளை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்து வந்ததே ப்ரோப்ரனலால். 1960-களின் நடுவில் பயன்பாட்டுக்கு வந்த அம்மருந்து இன்றும் நம் மருந்தகத்தில் உள்ளது. பிளாக்குக்கு 1988-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பீட்டா ஏற்பியிலும் உட்பிரிவு உண்டு என்பது 1967-இல் தெளிவாயிற்று. இதயத்தில் மிகுதியாக உள்ளது பீட்டா-1. மூச்சுக்குழல்களின் தசையில் உள்ளது பீட்டா-2. அதற்கு முன் ஆஸ்துமாவுக்குப் பயன்பட்ட ஐசோப்ரனலின் இரண்டையும் ஒருசேரத் தூண்டியதால், மூச்சு எளிதானாலும் இதயம் தறிகெட்டு ஓடும் அபாயம் இருந்தது. மூச்சுக்குழாயைப் பெரிதும் இதயத்தைச் சிறிதும் தொடும் பொருள் எது என்று இரு தசைகளிலும் ஒப்பிட்டுத் தேடியதன் பயனே சால்பியூட்டமால். 1969-இல் அறிமுகமான அது, ஆஸ்துமா உள்ள பலரின் சட்டைப்பையில் இன்றும் இன்ஹேலராக இருக்கிறது.

இப்போது மருத்துவரின் கேள்வி விளங்கும். சால்பியூட்டமால் பீட்டா-2 ஏற்பியை இயக்குகிறது. ப்ரோப்ரனலால் பீட்டா-1, பீட்டா-2 ஆகிய இரண்டையும் தடுக்கிறது. இருவேறு நோய்களுக்கு இருவேறு மருத்துவர்கள் எழுதிய இரு மருந்துகளும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன.

பொருந்துவது வேறு, இயக்குவது வேறு

ஏற்பியைப் பூட்டு என்றும் மருந்தைச் சாவி என்றும் கூறுவது வழக்கம். அவ்வுவமை பாதி உண்மையே. பூட்டில் நுழையும் சாவியெல்லாம் பூட்டைத் திறப்பதில்லை. பேருந்து இருக்கையில் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதை எண்ணிப் பாருங்கள். துண்டு பயணம் செய்வதில்லை. ஆனால் அது கிடக்கும் வரை வேறெவரும் அங்கே அமர முடியாது. தடுக்கும் மருந்தின் இயல்பும் அதுவே. அது ஏற்பியில் அமர்கிறது, செய்தி எதையும் உள்ளே அனுப்புவதில்லை, பிறரையும் அமரவிடுவதில்லை.

ஆகவே, ஆய்வுக்கூடத்தில் இரு வினாக்களைத் தனித்தனியே கேட்க வேண்டியுள்ளது. மூலக்கூறு ஏற்பியில் அமர்கிறதா? அமர்ந்தபின் செல்லுக்குள் ஏதேனும் நிகழ்கிறதா?

முதல் வினாவுக்குக் கதிரியக்கம் விடை தந்தது. ஏற்பியில் அமரக்கூடிய ஒரு பொருளில் கதிரியக்க அணுவைச் சேர்த்துச் செல்களோடு கலப்பார்கள். பிறகு செல்களை வடிகட்டிக் கழுவி, அவற்றில் எஞ்சிய கதிரியக்கத்தை அளப்பார்கள். எத்தனை ஏற்பிகள் உள்ளன என்பதை அதனால் எண்ணிவிடலாம். புதிய மருந்தொன்றைச் சேர்க்கும்போது கதிரியக்கம் குறைந்தால், அம்மருந்து அங்கிருந்த பொருளை விலக்கிவிட்டுத் தான் அமர்ந்தது என்று பொருள். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் 1970-களில் தவளையின் சிவப்பணுக்களைக் கொண்டு பீட்டா ஏற்பிகளை இவ்வாறு ஆராய்ந்தார். அதுவரை கருத்தளவில் இருந்த ஏற்பி, எண்ணத்தக்க பொருளாயிற்று.

இரண்டாம் வினாவுக்குச் செல்லின் உள்ளே நோக்க வேண்டும். பீட்டா ஏற்பி இயங்கும்போது செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் சிறு மூலக்கூறு பெருகுகிறது. வாயிற்காவலன் பெற்ற செய்தியை வீட்டுக்குள் கொண்டு செல்லும் தூதன் அது. அதைக் கண்டறிந்த எர்ல் சதர்லேண்டுக்கு 1971-இல் நோபல் பரிசு கிடைத்தது. முன்னாளில் செல்களை உடைத்துத்தான் இதனை அளக்க முடிந்தது. இன்று, மின்மினிப் பூச்சியை ஒளிரச் செய்யும் புரதத்தைச் சிறிது மாற்றி, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் செல்களுக்குள் அமைக்கிறார்கள். சைக்ளிக் ஏ.எம்.பி. கூடினால் செல் கூடுதலாக ஒளிரும். உள்ளங்கை அளவுள்ள ஒரு தட்டில் 96 அல்லது 384 குழிகள். ஒவ்வொரு குழியிலும் செல்கள். ஒவ்வொன்றிலும் வேறு மருந்து அல்லது வேறு அளவு. எந்தக் குழி எவ்வளவு ஒளிர்கிறது என்பதைக் கருவி படித்துச் சொல்லிவிடும். ஒரு தசைத் துண்டைக் கொண்டு நாள் முழுதும் செய்த வேலை, இன்று சிறிது நேரத்தில் முடிகிறது.

அமர்வதும் இயக்குவதும் ஒன்றல்ல என்பதை 1956-இலேயே எடினபரோவைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டீஃபென்சன் தெளிவுபடுத்தினார். இயக்கும் திறன் மருந்துக்கு மருந்து வேறுபடும். சில முழுமையாக இயக்கும். சில சிறிதும் இயக்கா. சில பாதியளவே இயக்கும். பாதியளவு இயக்கும் மருந்துகளுக்கும் பயன் உண்டு. அபின் வகைப் போதையிலிருந்து மீள்வோருக்குத் தரப்படும் பியூப்ரெனார்ஃபின் அத்தகையதே. அது தவிப்பை அடக்கும் அளவுக்கு ஏற்பியை இயக்கும். ஆனால், மூச்சை ஒடுக்கும் விளைவு ஓரளவுக்கு மேல் பெருகாதிருக்க அதன் குறைந்த இயக்குதிறன் துணைசெய்கிறது. இருப்பினும் மதுவுடனோ தூக்க மாத்திரைகளுடனோ சேரும்போது அதுவும் ஆபத்தானதே.

பீட்டா-2 ஏற்பியின் உருவத்தையும் இன்று நாம் அறிவோம். பிரையன் கோபில்காவும் அவருடன் உழைத்தோரும் அதனைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களால் அதன் வடிவத்தை 2007-இல் கண்டனர். 2011-இல், இயங்கும் நிலையிலேயே அதைப் படம்பிடித்தனர். சவ்வை ஏழுமுறை ஊடுருவி நிற்கும் அப்புரதத்தின் ஆறாம் தூண், உட்புறத்தில் ஏறத்தாழ 1.4 நானோமீட்டர் வெளிநோக்கி நகர்ந்திருந்தது. வாயில் திறப்பது என்று உவமையாகச் சொல்லி வந்தது உண்மையிலேயே ஓர் அசைவு என்பது அப்போது புலனாயிற்று. லெஃப்கோவிட்ஸும் கோபில்காவும் 2012-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஏற்பிகளின் எண்ணிக்கை மாறும்

நோயாளிகள் அறிந்துகொள்ள வேண்டிய முதன்மையான உண்மை ஒன்று எஞ்சியுள்ளது. ஏற்பிகள் கல்லில் செதுக்கியவை அல்ல. இடைவிடாமல் இயக்கப்பட்டால் செல் தன் ஏற்பிகளை மந்தமாக்குகிறது; சிலவற்றைச் சவ்விலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. நீண்ட நாள் தடுக்கப்பட்டால் ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. ப்ரோப்ரனலால் உட்கொண்டவர்களின் வெள்ளை அணுக்களில் பீட்டா ஏற்பிகள் பெருகியிருந்ததை, மேலே கூறிய கதிரியக்க முறையால் எண்ணி 1980-இல் வெளியிட்டனர்.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். இதய நோயுள்ள ஒருவர் பீட்டா தடுப்பு மாத்திரையைப் பல மாதங்கள் உட்கொள்கிறார். உடல்நிலை சீராக இருப்பதால், இனி வேண்டாம் என்று ஒருநாள் தாமாகவே நிறுத்துகிறார். தடுத்து நின்ற மருந்து சில நாள்களில் நீங்கிவிடுகிறது. பெருகிய ஏற்பிகளோ எஞ்சி நிற்கின்றன. வழக்கமான அளவு அட்ரினலினே இப்போது இதயத்தை மிகையாகத் தாக்கும். படபடப்பும் நெஞ்சுவலியும் ஏற்படலாம். சிலருக்கு மாரடைப்பே நேரலாம். “மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள்” என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சால்பியூட்டமாலை மட்டுமே நம்பி அடிக்கடி உள்ளிழுப்போரின் நிலையும் இதை ஒத்ததே. அது தசையைத் தளர்த்துமே அன்றி, மூச்சுக்குழலின் அழற்சியை ஆற்றாது. அடிக்கடி பயன்படுத்தும்போது அதன் பயனும் குறையக்கூடும். இக்காரணங்களால், வளரிளம் பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் அதை மட்டும் தனியே கொண்டு ஆஸ்துமாவைக் கையாளக் கூடாது என்று உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதல்கள் 2019 முதல் கூறிவருகின்றன. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை மருத்துவர் சேர்த்து எழுதுவது அதற்காகவே.

நீங்கள் செய்ய வேண்டியவை

மூச்சிரைப்பு எப்போது வந்திருந்தாலும், சிறு வயதில் வந்து நின்றுபோயிருந்தாலும், மருத்துவரிடம் சொல்லுங்கள். ப்ரோப்ரனலால் இதயத்துக்கு மட்டுமன்றி ஒற்றைத் தலைவலிக்கும் கை நடுக்கத்துக்கும் தைராய்டு மிகைப்புக்கும் எழுதப்படுவதுண்டு.

கண் சொட்டு மருந்தை மருந்துப் பட்டியலில் சேர்க்க மறவாதீர்கள். கிளாக்கோமாவுக்கான டிமோலால் சொட்டு மருந்தும் பீட்டா ஏற்பிகளைத் தடுப்பதே. கண்ணில் இட்ட ஓரிரு துளிகள் இரத்தத்தில் கலந்து ஆஸ்துமாவைத் தூண்டியதுண்டு.

மெட்டோப்ரலால், பைசோப்ரலால் போன்றவை பீட்டா-1 ஏற்பியையே பெரிதும் நாடுகின்றன. ஆதலால் ஆஸ்துமா உள்ள சிலருக்கும் மருத்துவர் நன்மை தீமைகளை ஆராய்ந்து அவற்றைக் கவனத்துடன் தருவதுண்டு. எனினும், அளவு கூடும்போது அவ்வேறுபாடு மங்கும். இக்கட்டுரையைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். ஐயம் இருந்தால் மருத்துவரை அணுகுங்கள்.

ஊருக்குப் போகும் முன், திருவிழா நாள்களுக்கு முன், மாத்திரை போதுமான அளவு உள்ளதா என்று பாருங்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து நிபுணரிடம் இம்மாத்திரையைப் பற்றிக் கூறுங்கள். நிறுத்த வேண்டியிருந்தால் மருத்துவரே அளவைப் படிப்படியாகக் குறைப்பார்.

நீரிழிவு உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்க்கரை தாழும்போது எழும் படபடப்பை இம்மாத்திரைகள் மறைத்துவிடக்கூடும். வியர்வை மட்டுமே எச்சரிக்கையாக எஞ்சலாம். உடனிருப்போரும் இதை அறிந்திருப்பது நன்று.

மூச்சை எளிதாக்கும் இன்ஹேலர் வாரத்துக்கு இருமுறைக்கு மேல் தேவைப்பட்டால், ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று பொருள். பரிசோதனைக்கு வாருங்கள். இன்ஹேலர் எடுத்தும் திணறல் தணியாவிட்டால், காத்திராமல் அவசரப் பிரிவுக்கு விரையுங்கள்.

கண்ணாடிக் கலனும் ஒளிரும் தட்டும் எவ்வளவோ சொல்லும். ஆனால், உங்களுக்குச் சிறு வயதில் மூச்சிரைப்பு இருந்ததா என்பதை எந்த ஆய்வுக்கூடமும் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். நினைவூட்ட வேண்டியவர் உடன் வந்தவர். அடுத்த முறை அக்கேள்வி எழும்போது, சற்று எண்ணிப் பார்த்து விடை கூறுமாறு வேண்டுகிறோம்.